காயம் ஆறின பிறகு எங்கே போவது? கடலூர் மாவட்ட ஆட்சியருக்கும் மருத்துவத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கும் வணக்கம்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் வாரத்தில் ஒரு கிழமையைத் தழும்புக்கென்று ஒதுக்கி, அது எந்தக் கிழமை என்று ஊரறியச் சொல்லுங்கள். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கிறீர்களே, அதேபோல் அங்கே தழும்பின்மேல் ஒட்டும் சிலிகான் தாளும், தழும்பை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடையும் விலையில்லாமல் கிடைக்கட்டும். இதற்குக் கட்டடம் வேண்டாம், புதுக் கருவியும் வேண்டாம். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் மருத்துவர் கிடையாது. திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், ஜூன் மாதம் வந்தால் பள்ளிச் சீருடை, இதுதான் பிழைப்பு. ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா ஒருநாள் இழுவைத் துணி ஒன்றையும் அளவு எழுதிய தாளையும் கொண்டுவந்து, தீக்காயம் ஆறின ஒரு கைக்கு இறுக்கமாக உறை தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். தைத்துக் கொடுத்தேன். அப்புறம் வாய்வழியாகவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம், எல்லை தாண்டிப் பாகூர் வரை. வருகிற ஒவ்வொருவரிடமும் அளவெடுக்கும் நேரத்தில் பேச்சுக் கொடுப்பேன். அந்தப் பேச்சுதான் இந்த மடலுக்குக் காரணம்.

வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். எந்த மருத்துவமனையில் இருந்தார்கள் என்பது மாறும், மற்றது மாறாது. புண் மூடியதும் "ஆறிடுச்சு, வீட்டுக்குப் போகலாம்" என்று அனுப்பியிருக்கிறார்கள். அவர்களும் ஆறிவிட்டது என்றுதான் நம்பியிருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மூடிய தோல் சிவந்து, தடித்து, மேலே எழும்பியிருக்கிறது. ராத்திரியெல்லாம் அரிப்பு. "அக்கா, வெந்தப்போகூட இவ்ளோ அழுவலை, இந்த அரிப்புதான் உசுர வாங்குது" என்று ஒரு பெண் சொன்னாள். தழும்பு என்றால் பார்வைக்கு நன்றாக இல்லை என்பதோடு முடிகிற விஷயம் என்று நினைப்பவர்கள், அந்த அரிப்போடு ஒரு ராத்திரி இருந்து பார்க்கவேண்டும்.

மருத்துவர்கள் எனக்கு விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். புண் மூடின நாளில்தான் தழும்பு வேலையையே தொடங்குகிறது. உள்ளே கொலாஜன் என்கிற நார் அளவுக்கு மீறி உற்பத்தியாகும். முதல் சில மாதங்கள் தழும்பு வளரும். பிறகு மெல்ல மெல்ல வெளுத்துத் தணியும். முழுதாக முதிர ஒரு வருடத்திலிருந்து இரண்டு வருடம் ஆகும். மூன்று வாரத்துக்குள் ஆறிவிடுகிற காயம் பெரும்பாலும் லேசான தழும்போடு தப்பித்துக்கொள்ளும். அதைத் தாண்டி இழுத்தால் தடிக்கும் வாய்ப்பு அதிகம். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல்.

ஆக, தழும்பை அடக்க வேண்டிய காலம் அந்த முதல் வருடம். அந்தச் சமயத்தில் பலன் தருகிற பொருள்கள் எல்லாமே மலிவானவை: சிலிகான் தாள், அழுத்த உடை, ராத்திரியில் கை கால் மூட்டு மடங்காமல் நீட்டிவைக்கும் பட்டை, எண்ணெய் தொட்டு நீவிவிடுதல், உடற்பயிற்சி. அந்தக் காலம் கடந்தபிறகு மிஞ்சுவது லேசரும் அறுவையும். மலிவானது தேவைப்படும் காலத்தில் நோயாளி யார் கண்ணிலும் படாமல் வீட்டில் இருக்கிறார். கழுத்துத் தோல் சுருங்கி முகவாய் நெஞ்சோடு ஒட்டிய பிறகுதான் மறுபடி மருத்துவமனைக்கு வருகிறார். அப்போது அறுவைக்கூடம், மயக்க மருந்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுதல், வாரக்கணக்கில் படுக்கை. அரசுக்கு எது செலவு என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அழுத்த உடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், அது எனக்குத் தெரிந்த வேலை. சாதாரண உடைக்கு உடம்பளவுக்கு மேல் லூஸ் வைத்து வெட்டுவோம். இதில் தலைகீழ். முன்கையில் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு சுற்றளவு எடுக்கவேண்டும், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. எடுத்த அளவிலிருந்து பத்து முதல் இருபது சதவீதம் வரை கழித்து வெட்டவேண்டும். 20 சென்டிமீட்டர் இருந்தால் 17 சென்டிமீட்டருக்கு. அந்த இழுப்புதான் தழும்பை அழுத்திப் பிடிக்கிறது. நேர்த்தையல் போட்டால் இழுக்கும்போது நூல் அறுந்துவிடும், ஜிக்ஜாக்தான் போடவேண்டும். ஊசியும் உருண்டை முனை ஊசியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் துணியில் ஓட்டை விழுந்து ஓடும். தையல் மடிப்பு உள்பக்கம் இருந்தால் புதுத்தோலை அறுத்துவிடும், அதனால் வெளிப்பக்கம் வரும்படி தைக்கிறேன். பார்க்கத் திருப்பிப் போட்ட சட்டைபோலத்தான் இருக்கும். சின்னப் பிள்ளைகள் "உல்டாவா தச்சிட்டீங்க" என்று சிரிப்பார்கள்.

இதை நாளில் இருபத்துமூன்று மணிநேரம் போட்டிருக்கவேண்டும் என்பார்கள். குளிக்கவும் நீவிவிடவும் மட்டும் கழற்றலாம். ஒருவருக்கு இரண்டு செட் வேண்டும், ஒன்று காயும்போது மற்றொன்று. பிழியக்கூடாது, வெயிலில் போடக்கூடாது, இஸ்திரி போடவே கூடாது. இப்படிப் பார்த்துக்கொண்டாலும் இரண்டு மூன்று மாதத்தில் இழுப்பு தளர்ந்துவிடும், மறுபடி அளவெடுத்துத் தைக்கவேண்டும். குழந்தைகள் வேறு வளர்ந்துகொண்டே இருப்பார்கள். இப்படி ஒரு வருடம். நம் ஊர்ப் புழுக்கத்தில், அதுவும் கத்திரி வெயிலில், இதைப் போட்டுக்கொண்டு இருப்பது தவம். வியர்க்குரு வரும், நாற்றம் அடிக்கும், வீட்டுப் பெரியவர்களே "பாவம் கழட்டிடு" என்பார்கள். பாதியில் விட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அளவு தப்பிப்போனால் விரல் மரத்துவிடும், நீலம் பூக்கும். அதனால்தான் தைத்து முடித்ததும் பிசியோதெரபிஸ்ட் கண்ணில் பட்டுத் திரும்பவேண்டும் என்கிறேன். தையல்காரியை மட்டும் நம்பி விடக்கூடிய வேலை இல்லை இது.

இந்த முறை 1970களில் அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரத்துக் குழந்தைகள் தீக்காய மருத்துவமனையிலிருந்து பரவியது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அழுத்த உடை தழும்பின் தடிப்பைக் குறைக்கும், நிறத்தைப் பெரிதாக மாற்றாது; எவ்வளவு குறைக்கும் என்பதில் ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகவும் இல்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். சிலிகான் தாளுக்கு ஆதரவு கொஞ்சம் கூடுதல். 2002இல் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து எழுதிய தழும்பு வழிகாட்டுதலில், சிலிகான் தாளையும் தழும்புக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியையும் முதல் வரிசையில் வைத்தார்கள். தாளைத் தினமும் குறைந்தது பன்னிரண்டு மணிநேரம் ஒட்டியிருக்கவேண்டும், மூன்று நான்கு மாதமாவது தொடரவேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி, உலரவிட்டு, மறுபடி அதையே ஒட்டலாம். புண் திறந்திருக்கும்போது மட்டும் கூடாது. கடையில் ஒரு தாளின் விலை, முந்திரி உடைக்கப் போகிற பெண்ணின் ஒருநாள் கூலியைத் தாண்டுகிறது. அதனால் அரைத் தாளாக வெட்டி வாங்க முடியுமா என்று மெடிக்கலில் கேட்டுத் திரும்பியவர்கள் உண்டு.

முந்திரி என்றதும் சொல்லவேண்டும். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலைச் சுட்டுக் கொப்புளிக்கவைக்கும். சாம்பலைத் தடவிக்கொண்டு உட்காருவார்கள். தோல் உரிந்து, கறுத்து, மறுபடி உரியும். இதைத் தீக்காயம் என்று அவர்கள் யாரும் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கைரேகை விழாதபோதுதான் அது ஒரு பிரச்சினை என்று வெளியில் தெரிகிறது.

இந்த மாவட்டத்துக்குத் தீயும் அமிலமும் புதிதில்லை. 2020 மே மாதமும் ஜூலை மாதமும் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்தன. அதே ஆண்டு செப்டம்பரில் காட்டுமன்னார்கோயில் அருகே குருங்குடியில் பட்டாசு ஆலை வெடித்துப் பெண்கள் பலர் மாண்டார்கள். சிப்காட் தொழிற்பேட்டை ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் என் கடைக்கு அதிகம் வருவது இதிலெல்லாம் பிழைத்தவர்கள் இல்லை. சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டிய குழந்தை, இடுப்பில் பிள்ளையோடு டீ ஆற்றிய தாய், விளக்கில் தாவணி பற்றியவள், பைக் சைலன்சரில் காலை வைத்த கல்லூரிப் பையன். சுட்டவுடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டியிருந்தால் பாதிப் பேருக்கு இவ்வளவு ஆழம் போயிருக்காது. பற்பசையும் பேனா மையும் தோசை மாவும் பூசிக்கொண்டு போய்ச் சேருகிறார்கள். புண்ணில் கிருமி ஏறி, ஆற நாளாகி, நாளானதால் தடித்து என்று ஒன்றின்மேல் ஒன்றாக வருகிறது. இந்த இருபது நிமிடத் தண்ணீரை அங்கன்வாடிச் சுவர்களில் எழுதிவைத்தாலே என் வேலை பாதி குறைந்துவிடும். குறையட்டும், சீருடை தைத்துப் பிழைத்துக்கொள்வேன்.

தீக்காயத்தை விட்டால் அடுத்தது கீலாய்டு. காது குத்தின இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்குச் சதை திரண்டு நிற்குமே, அதுதான். நெஞ்சில் ஒரு பரு வந்து போன இடத்தில்கூட வரும். தடித்த தழும்பு காயத்தின் எல்லைக்குள் நிற்கும், நாளானால் தணியும்; கீலாய்டு எல்லை தாண்டிப் பரவும், தானாகத் தணியாது. இதை வெட்டி எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துப் போகிறவர்கள் அதிகம். வெட்டி மட்டும் விட்டால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வரும், சில சமயம் முன்னைவிடப் பெரிதாக. டிரையம்சினலோன் என்கிற ஸ்டீராய்டு ஊசியை நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை தழும்புக்குள்ளேயே போடுவார்கள். வலிக்கும். அளவு கூடினால் அந்த இடம் குழிந்து வெளுத்துப்போகும். அறுவை செய்தால் அதோடு ஊசியோ, உடனடிக் கதிர்வீச்சோ, காதில் அழுத்தக் கம்மலோ சேர்க்கவேண்டும். அந்தத் தழும்புக் கிழமைக்கு நான் கேட்பதில் இந்த ஊசிதான் மருத்துவர் கை தேவைப்படுவது, அதுவும் வெளிநோயாளியாக வந்து போட்டுக்கொண்டு போகக்கூடியது. தோல் மருத்துவர் ஒருவர் அந்த ஒரு கிழமை உட்கார்ந்தால் முடிகிற வேலை.

இதற்காக இப்போது மக்கள் எங்கே போகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் விடியற்காலை பஸ் பிடித்து, புதுச்சேரியில் மாறி, ஜிப்மர் வாசலில் சீட்டுக்கு நிற்கிறார்கள். சிலர் சென்னையில் கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி அரசு மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள். அங்கே பெரிய கைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வருடம் முழுக்க மாதாமாதம் கூலியை விட்டுவிட்டு யார் போய்வர முடியும்? சிதம்பரம் அண்ணாமலை நகரில் நமக்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரிய அறுவைக்கு அங்கே அனுப்புங்கள். தாளும் உடையும் கடலூரிலேயே கிடைக்கட்டும்.

விவரம் தெரியாதவர்கள் மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார்கள். "தழும்புக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்றால், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கிருமி மருந்தும் கலந்த ஒரு டியூபைக் கொடுத்துவிடுகிறார்கள். மருத்துவர் ஊசியில் அளந்து போடுகிற ஸ்டீராய்டு வேறு, முகத்தில் மாதக்கணக்கில் பூசிக்கொள்வது வேறு. முதலில் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பருவும் ரோமமும் கிளம்பும், நிறுத்தினால் எரியும். 2018இல் மத்திய அரசு பதினான்கு ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அந்த உத்தரவு நம் ஊர் மருந்துக்கடைகளில் எவ்வளவு தூரம் நடக்கிறது என்பதை மருந்து ஆய்வாளர்கள் சாதாரண உடையில் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

கையில் காசு இருப்பவர்கள் லேசர் சென்டருக்குப் போகிறார்கள். கல்யாண வயதுப் பெண்ணின் கன்னத்துப் பருக்குழியை ஒரே சிட்டிங்கில் மறைத்துவிடுவோம் என்று நோட்டீஸ் வருகிறது. எந்தச் சிகிச்சையும் தழும்பைத் துடைத்து எடுக்காது. மட்டுப்படுத்தும், அவ்வளவே. பருக்குழிக்குச் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சிதறிப் பாயும் கார்பன் டை ஆக்சைடு லேசர் இருக்கிறது, நுண்ணூசிச் சிகிச்சை இருக்கிறது, அடியில் இழுத்துப் பிடிக்கும் நாரை ஊசியால் அறுத்துவிடும் முறை இருக்கிறது. குழியின் வகையைப் பார்த்துத்தான் இதில் எது என்று முடிவு செய்வார்கள், பல தடவை போகவேண்டும், அதற்கு முன்னால் புதுப் பரு வருவதை நிறுத்தியிருக்கவேண்டும். நம் நிறத் தோலில் லேசரின் சூடு கொஞ்சம் மீறினாலும் அந்த இடம் கறுத்துவிடும், மாதக்கணக்கில் போகாது. இந்த இயந்திரத்தைப் பிடிப்பவர் தோல் மருத்துவரா, இல்லை இரண்டு வாரப் பயிற்சி எடுத்தவரா என்று வாசலில் யார் கேட்கிறார்கள்? கடலூரிலும் புதுச்சேரியிலும் இரண்டு நிர்வாகங்களும் சேர்ந்து கேட்டால்தான் உண்டு. பெயர்ப்பலகையை இந்தப் பக்கம் கழற்றினால் எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டி அந்தப் பக்கம் மாட்டிவிடுவார்கள்.

இனி, இதெல்லாம் அழகுச் சமாச்சாரம், உயிர் காக்கவே பணம் போதவில்லை என்று சொல்லக்கூடும். தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் விதியே இங்கே தாராளமாக இருக்கிறது. அழகுக்கான அறுவையைப் பாலிசியிலிருந்து விலக்கும் அதே விதி, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பை விலக்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது சரியான காரியம். அடுப்பில் முகம் வெந்தவளுக்கு, கண்ணும் கையும் நன்றாக இருந்தால், அந்தப் பட்டியலில் இடமில்லை. ஜவுளிக்கடையில் வேலை கேட்டுப் போனால் இருவரையும் ஒரே பதிலைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புகிறார்கள்.

செய்யக்கூடிய வழிகளும் கையில் இருக்கின்றன. வீடு தேடிப் போய்ப் பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. பக்கவாதம் வந்தவர் வீட்டுக்கு பிசியோதெரபிஸ்ட் போகிறார். அதே தெருவில் கை வெந்த பிள்ளை இருந்தால் அதையும் பார்த்து, நீவிவிடும் முறையைத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்து, உடை தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். தீக்காயத்தோடு வீடு திரும்புகிறவர்களின் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க ஒரு சுற்றறிக்கை போதும்.

உடைக்கு வழி இன்னும் சுலபம். விலையில்லாச் சீருடையைச் சமூக நலத்துறையின் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்தான் தைக்கின்றன. மெஷின் இருக்கிறது, கை இருக்கிறது, சீருடை முடிந்தபின் வேலை இல்லாத மாதங்களும் இருக்கின்றன. நாலைந்து பேருக்கு அளவெடுக்கவும் வெட்டவும் நானே கூலியில்லாமல் கற்றுத்தருகிறேன். துணியை மட்டும் அரசு வாங்கித் தரட்டும். நல்ல இழுவைத் துணி சில்லறையில் வாங்கினால்தான் விலை, மொத்தமாக எடுத்தால் படியும். நிறமும் ஒரே காக்கியாக வேண்டாம், பிள்ளைகள் கேட்பது ஊதாவும் ரோஸும். பிடித்த நிறமாக இருந்தால் கழற்றாமல் போட்டிருக்கிறார்கள், இது நான் கண்ணால் பார்த்தது.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு இந்த மடலின் நகலோடு வருகிறேன். கை உறை ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று, குழந்தைக் காலுறை ஒன்று, அளவு எழுதும் தாள் ஆகியவற்றையும் எடுத்து வருவேன். இணை இயக்குநர் அலுவலகத்திலிருந்தும் யாராவது ஒருவர் அன்று இருந்தால், எந்தக் கிழமை தோதாக இருக்கும் என்று அங்கேயே பேசிவிடலாம்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூர் தையல்காரி